வருட வருமானம் 1 ரூபாய் என்று பதிவானபோது

ஒரு அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகைக்கு ஆன்லைன் ஃபார்ம் எழுதிக் கொடுத்தேன். பெயர், முகவரி, சான்றிதழ் அப்லோடு எல்லாம் இரண்டே நாளில் முடிந்தது. எண் கேட்கும் நாலு பெட்டிகள்தான் இரண்டு வாரமாகத் தூங்கவிடவில்லை.

முதல் ஃபோன் அலுவலகத்திலிருந்து. "தம்பி, இந்தப் பொண்ணு வீட்டு வருமானம் வருஷத்துக்கு ஒரு ரூபான்னு இருக்கே?" சான்றிதழில் இருந்தபடியே 1,20,000 என்று கமாவோடு அடித்திருக்கிறாள். நான் போட்டிருந்தது பார்ஸ்இன்ட் (parseInt), வலைப்பக்கங்களுக்கான ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் அடித்த எழுத்துகளை எண்ணாக மாற்றும் கட்டளை. அது கமாவைப் பார்த்ததும் நின்றுவிடும், பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாமல் அதுவரை படித்த 1-ஐக் கொடுத்துவிடும்.

அதைச் சரிசெய்வதற்குள் ஒரு மாணவருக்கு அனுப்பிய பணம் திரும்பி வந்தது. அவருடைய கணக்கு எண் சைபரில் தொடங்குகிறது, நான் அதை எண்ணாக மாற்றிச் சேமித்ததில் முன்னால் இருந்த சைபரெல்லாம் போய்விட்டது. அந்தப் பையன் பாஸ்புக்கோடு பஸ் ஏறி வங்கிக்குப் போய், கணக்கு சரியாகத்தான் இருக்கிறது என்ற பதிலோடு திரும்பியிருக்கிறான். என்னால் வந்த அலைச்சல், இன்னும் உறுத்துகிறது. கணக்கு எண், ஆதார், மொபைல் எதையும் யாரும் கூட்டிக் கழிக்கப் போவதில்லை, டெக்ஸ்ட்டாகவே வையுங்கள். 9007199254740991-ஐத் தாண்டினால் ஜாவாஸ்கிரிப்ட்டில் கடைசி இலக்கம்கூட மாறிவிடலாம்.

அப்புறம் பயத்தில் கண்டிப்பைக் கூட்டினேன். இலக்கம் தவிர எது வந்தாலும் திருப்பி அனுப்பு என்று எழுதியதும், மறுநாள் ஆளாளுக்கு "தவறான உள்ளீடு" என்று வருகிறது என்கிறார்கள். வாட்ஸ்அப்பிலிருந்து காப்பி செய்யும்போது கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும் ஒரு ஸ்பேஸ்தான் காரணம்! இப்போது ஸ்பேஸையும் கமாவையும் நானே எடுத்துவிட்டு அதன்பிறகு சோதிக்கிறேன். "ஓ என்ற ஆங்கில எழுத்து இருக்கிறது, சைபரா பாருங்கள்" என்று பிழையையும் விவரமாகச் சொல்கிறேன்.

நம்பர் வகைப் பெட்டியையும் விட்டுவிட்டேன், அது 1e5 (ஒரு லட்சத்தைச் சுருக்கி எழுதும் முறை) என்று அடித்தாலும் ஏற்றுக்கொள்கிறது. டெக்ஸ்ட் பெட்டியில் இன்புட்மோட் நியூமெரிக் என்ற குறிப்பைப் போட்டாலே மொபைலில் எண் கீபோர்டு வந்துவிடும். சர்வரிலும் கட்டாயம் இன்னொரு முறை சோதியுங்கள். அங்கே பைதான் மொழியில் எல்லாம் இலக்கமா என்று பார்க்கும் இஸ்டிஜிட்டை (isdigit) நம்பியிருந்தேன், அதற்கு ² கூட இலக்கம்தான், ஆனால் எண்ணாக மாற்றும் இன்ட் (int) அதை வாங்காமல் பிழை அடித்துவிடும். 0 முதல் 9 வரை என்று நேராகவே எழுதிவிடுங்கள்.

நேற்று அந்தப் பையனுக்குப் பணம் ஏறிவிட்டது. பழைய பதிவுகளில் வருமானம் 1000-க்குக் கீழே இருப்பவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இன்னும் 14 பேர் பாக்கி.