இரண்டு மணிக் கட்டம்

எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரி அடித்தவர், காசிமேட்டில் கயிறு சுற்றி விரல் நசுங்கியவர், குடித்துவிட்டு மாடிப்படியில் உருண்டவர். கேஷுவால்டி நர்ஸ்களான எங்களுக்கு ராத்திரி இப்படித்தான் விடியும்.

நான் முதலில் வேலை பார்த்த இடத்தில், காலையில் ட்யூட்டி ஒப்படைக்கும் முன் சீனியர் ஒருவர் நோயாளியின் பி.பி. சார்ட்டை நீட்டுவார். பன்னிரண்டுக்கு 120/80, இரண்டுக்கு 120/80, நாலுக்கு 110/70. ஒரே பேனா, ஒரே மூச்சில்.

"பார்க்கலையேக்கா."

"இருபது பேருக்கு ரெண்டு ஸ்டாஃப். எப்படிடி பார்ப்பே? போடு."

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மனம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நரம்பு பிடிப்பார். அவர் கையில் பிழைத்தவர்கள் ஏராளம். ஆனால் கட்டம் காலியாக இருந்தால் மெமோ வரும், பொய்யாக நிரம்பியிருந்தால் ஒன்றும் வராது. எட்டே மாதத்தில் வேலை கசந்துவிட்டது. நைட் ட்யூட்டி அலுப்பு தூங்கினால் தீரும். இது தீரவில்லை.

அடுத்த இடத்தில் நானே தப்பு செய்தேன். ஒரே பெயரில் இரண்டு பெண்கள். கால் பிசகி வந்தவருக்கான டைக்ளோஃபெனாக் என்ற வலி ஊசியை, வீசிங்கோடு வந்தவருக்குப் போட்டுவிட்டேன். ஆஸ்துமாக்காரர்கள் சிலருக்கு அந்த மருந்து மூச்சுக்குழலை இன்னும் இறுக்கும். கை நடுங்க இன்சார்ஜ் சிஸ்டரிடம் போய் நின்றேன். யார், ஏன் என்று அவர் கேட்கவில்லை. "பேஷண்ட் எப்படி இருக்காங்க? டாக்டர்கிட்ட சொல்லிட்டியா?" இரண்டே கேள்வி. அந்த அம்மாவின் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. விடிந்ததும் நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னார். அந்த வாரமே பெயரோடு ஐ.பி. (உள்நோயாளி) நம்பரும் வாய்விட்டுப் படிப்பது வழக்கமானது. (சம்பளம் இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதைப் பற்றி எழுத இந்த இடம் போதாது.)

பிறகு எம்.எஸ்ஸி. நர்சிங் படிக்கும் பெண் ஒருத்தி கேள்வித்தாள் கொண்டுவந்தாள். 1998இல் நர்சிங் ஆய்வாளர் லிண்டா ஓல்சன் உருவாக்கிய, மருத்துவமனையின் அறச்சூழலை, அதாவது அங்கே சரியானதைச் செய்ய எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை, அளக்கும் 26 கேள்விகள்: சக நர்ஸ்கள், நோயாளிகள், மேலாளர், மருத்துவர்கள், நிர்வாகம் என்று ஐந்து பக்கமும் சுற்றி வருகிறது. கூடவே வேலையில் துடிப்பு, பற்று, லயிப்பு எவ்வளவு என்று கேட்கும் இன்னொரு தாள். "இதை மேடம் பார்ப்பாங்களா?" என்று கேட்டுவிட்டுப் பாதிப்பேர் நடுக் கட்டத்திலேயே டிக் போட்டார்கள். அந்தக் கேள்வியையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம் என்று அவளிடம் சொன்னேன். சிரித்தாள்.

இப்போது நான் இன்சார்ஜ். போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் சார்ட்டோடு வந்து தயங்கி நின்றாள். இரண்டு மணிக் கட்டம் காலி.

"சிவப்பு டேக் போட்ட சீரியஸ் கேஸ்ல மாட்டிக்கிட்டேன் சிஸ்டர். பார்க்கலை."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது, பொய் சொல்வானேன். அடக்கிக்கொண்டு, 'பார்க்கவில்லை' என்றே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். மணி மூன்று நாற்பது. பி.பி. கருவியைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேருமாக அந்தப் பெட்டுக்குப் போனோம்.