கெர்பே வினையில் வைவா: மாற்ற அளவைச் சொல்லாமல் தேர்வுத்திறனைச் சொல்லாதீர்கள்

தகுதித் தேர்வில் தேறிவிட்டேன். மனம் இப்போதுதான் லேசாகியிருக்கிறது. எத்தனால் மூலக்கூறுகளை இணைத்துப் பியூட்டனாலும் அதைவிடக் கனமான ஆல்கஹால்களும் தருவதுதான் கெர்பே வினை. அதற்கான திண்ம வினையூக்கிகளை எடுத்துக்கொண்டு வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, போகிறவர்களுக்கு, நினைவு மங்குவதற்குள் இதை எழுதிவிடுகிறேன்.

1899இல் வேதியியலாளர் கெர்பே இந்த வினையை வெளியிட்டார் என்ற வரலாறெல்லாம் ஒரு வரியில் முடிந்துவிடும். என்னைக் காப்பாற்றியது ஒரே கேள்வி. தேர்வாளர் பலகையில் எழுதினார்: வினையூக்கி 'அ', மாற்றம் 10%, பியூட்டனால் தேர்வுத்திறன் 80%. வினையூக்கி 'ஆ', மாற்றம் 40%, தேர்வுத்திறன் 60%. எது சிறந்தது? (மாற்றம் என்பது எத்தனாலில் எவ்வளவு வினைபுரிந்தது என்பது; தேர்வுத்திறன் என்பது வினைபுரிந்ததில் எவ்வளவு பியூட்டனாலானது என்பது.)

"இதை வைத்துச் சொல்ல முடியாது" என்றேன். உருவான பியூட்டனால் சும்மா இருப்பதில்லை. அது மறுபடி எத்தனாலுடன் இணைந்து ஹெக்சனாலும் 2-எத்தில்பியூட்டனாலும் ஆகிறது. அங்கிருந்து எட்டுக் கார்பன் ஆல்கஹால்கள். மாற்றம் ஏற ஏறப் பியூட்டனாலின் பங்கு பொதுவாகக் குறையும். வினையூக்கியின் மேல் எத்தனால் பாயும் வேகத்தை மாற்றி இரண்டையும் ஒரே மாற்ற அளவுக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிடலாம். அதன்பின் அறையின் இறுக்கம் தளர்ந்தது.

கணக்கைக் கார்பனில் போடுங்கள். 100 மோல் எத்தனாலில் 40 வினைபுரிந்து 12 மோல் பியூட்டனால் கிடைத்தால், 80 கார்பனில் 48: தேர்வுத்திறன் 60%. மோலில் வகுத்தால் 30% என்று வந்து நிற்கும்.

வழிமுறையைத் தாளில் வரைந்து பழகுங்கள். நான் படித்ததெல்லாம் அப்படித்தான். அட்டவணைகளை மனப்பாடம் செய்ய எனக்குப் பொறுமை கிடையாது. எத்தனால் ஹைட்ரஜனைக் கைமாற்றாகக் கொடுத்து அசெட்டால்டிஹைடு ஆகிறது. இரண்டு அசெட்டால்டிஹைடு ஆல்டால் வினையில் இணைந்து, நீரை இழந்து குரோட்டனால்டிஹைடு ஆகிறது. கொடுத்த ஹைட்ரஜன் திரும்பி வந்து அதைப் பியூட்டனாலாக்குகிறது. ஒவ்வொரு அம்புக்குறியின் மேலும் வினையூக்கிப் பரப்பின் எந்த மையம் (அமில இடமா, கார இடமா, உலோகமா) வேலை செய்கிறது என்று எழுதுங்கள். உயர் வெப்பநிலையில் இந்தப் பாதைதான் நடக்கிறதா என்ற விவாதம் உண்டு என்பதையும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

கட்டாயம் பார்க்க வேண்டியவை:

- ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட்: கால்சியம்–பாஸ்பரஸ் மோல் விகிதம் 1.67. அது மாறினால் அமில, கார மையங்களின் சமநிலையும் மாறும்.
- ஹைட்ரோடால்சைட் என்ற அடுக்குக் கனிமத்தைச் சுட்டுப் பெறும் மெக்னீசியம்–அலுமினியம் கலப்பு ஆக்சைடு.
- தாமிரம், நிக்கல்: ஹைட்ரஜன் நீக்கம் குறைந்த வெப்பநிலையிலேயே நடக்கும். ஆனால் தாமிரத்தில் எத்தில் அசெட்டேட் தலைகாட்டும். நிக்கல் கார்பன்–கார்பன் பிணைப்பை உடைத்து மீத்தேன் தரும்.
- அமிலம் மிகுந்தால் எத்திலீன், டைஎத்தில் ஈதர்.
- டிபிடி சோதனை (பரப்பில் ஒட்டிய வாயு, சூடேற்றும்போது எந்த வெப்பநிலையில் வெளியேறுகிறது என்று அளப்பது): கார மையத்துக்குக் கார்பன் டைஆக்சைடு, அமில மையத்துக்கு அம்மோனியா.

நீரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே படியுங்கள். உருவாகும் ஒவ்வொரு பியூட்டனாலுக்கும் ஒரு நீர் மூலக்கூறு வெளிவந்து, கார மையங்களில் அமர்ந்து வேகத்தைக் குறைக்கிறது. வினைபுரியாத எத்தனாலைக் காய்ச்சி வடித்துத் திருப்பி அனுப்பினாலும், சாதாரண அழுத்தத்தில் எடையளவில் ஏறத்தாழ 95.6 சதவீதத்தில் அது நீரோடு சேர்ந்தே கொதிக்கும். உலர்ந்த எத்தனாலில் எடுத்த அளவீடு மட்டுமே உங்களிடம் இருந்தால், ஈரமான எத்தனாலில் ஒரு சோதனையாவது செய்துவிட்டுப் போங்கள். என்னிடம் கேட்ட கடைசிக் கேள்வி அதுதான்.