இரண்டாம் நம்பர் டேங்க்

அக்டோபர் 9
சி ஷிப்ட். டேங்கில் ஆசிட் மட்டம் ஸ்கிரீனில் 62 சதவீதம். பதினொரு மணிக்கு 62, இரண்டு மணிக்கும் 62. லாரியிலிருந்து டேங்குக்கு ஆசிட் இறக்கும் பம்ப் நடுவில் ஒரு மணி நேரம் ஓடியது.

அக்டோபர் 10
பகலில் தூக்கம் வரவில்லை.

அக்டோபர் 12
டேங்க் மேலே ஏறி, மட்டம் அளக்கும் சென்சாரைக் கழற்றினேன். அதன் முகம் முழுக்க முத்து முத்தாக ஆசிட் துளி. ஒலியை அனுப்பி எதிரொலி வரும் நேரத்தை வைத்து அளக்கிற அல்ட்ராசோனிக் கருவி அது. காது அடைத்துப்போய், எதிரொலி கேட்காத நேரமெல்லாம் கடைசி எண்ணையே காட்டியிருக்கிறது. துடைத்து மாட்டியதும் 71. போல்ட்டெல்லாம் துரு, எச்சிஎல், அதாவது ஹைட்ரோகுளோரிக் ஆசிட் புகைக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்கூடத் தாங்காது.

அக்டோபர் 13
மழை. சின்னவளுக்குக் காய்ச்சல், 101.

அக்டோபர் 15
துடைத்தாயிற்றே, அப்புறம் என்ன என்கிறார்கள். துடைத்தால் தீராது. எச்சிஎல் வாயு காற்றைவிடக் கனம், அதில் ஒலி மெதுவாகத்தான் போகும். பூஜ்ஜியம் டிகிரியில் காற்றில் நொடிக்கு 331 மீட்டர். வெறும் எச்சிஎல் வாயுவில் 300கூட இல்லை. டேங்கின் மேல்பகுதியில் இரண்டும் கலந்து கிடக்கிறது, கலவை மணிக்கு மணி மாறுகிறது. எதிரொலி தாமதமாக வந்தால் கருவி என்ன நினைக்கும்? மேலே காலி இடம் அதிகம் என்று. அதாவது இருப்பதைவிடக் குறைவாகவே காட்டும். கூட்டிக் காட்டினாலாவது பம்பை முன்னதாக நிறுத்துவோம்.

ராத்திரி டேங்கின் எஃப்ஆர்பி (கண்ணாடி இழை பிளாஸ்டிக்) சுவரில் டார்ச்சை ஒட்டிப் பிடித்தேன். உள்ளே ஆசிட்டின் கோடு மங்கலாகத் தெரிந்தது. சாக்பீஸால் குறித்து அளந்தேன். ஸ்கிரீன் காட்டியதைவிட 10 செ.மீ. மேலே. 4 மீட்டர் விட்டத்துக்கு அது 1,250 லிட்டர்.

2005 மார்ச் 23, டெக்சாஸ் சிட்டி. சுத்திகரிப்பு ஆலையில் கோபுரம் நிரம்பிக்கொண்டே போக, மட்டம் மெல்ல இறங்குவதாகக் காட்டியது மீட்டர். வெடித்து 15 பேர் செத்தார்கள்.

அக்டோபர் 16
எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்த சென்சாருக்குப் பதில் 80 கிகாஹெர்ட்ஸ் ரேடார், டெஃப்ளான் முகம். ரேடார் அலைக்கு இந்தப் புகை ஒரு பொருட்டே இல்லை. கூடவே தனியாக ஒரு ஹை லெவல் சுவிட்ச், மட்டம் எல்லையைத் தொட்டால் தானே பம்பை நிறுத்துகிற மாதிரி. அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார்கள்.

அக்டோபர் 18
காய்ச்சல் இறங்கிவிட்டது. டேங்கர் லாரி நாளை மறுநாள்.

அக்டோபர் 20
விடியற்காலை நாலரை, இன்னும் இருட்டு. அண்ணன் பம்ப் சுவிட்ச் பக்கத்தில், நான் டார்ச்சோடு சுவர் ஓரம். கோடு ஏறுவதைக் கண்ணெடுக்காமல் பார்த்தேன். வாக்கிடாக்கியில் கேட்டால் ஸ்கிரீனில் 74 என்றார்கள். இங்கே கோடு, நிறுத்த வேண்டிய மட்டத்தில் நான் போட்டிருந்த சாக்பீஸ் குறியைத் தொட்டுவிட்டது. “அண்ணே, நிறுத்துங்க.” ஏன் என்று கேட்காமல் நிறுத்தினார்.

அக்டோபர் 21
இன்னும் 74.