எந்த அம்மன் கோயில்?

108 என்ற ஆம்புலன்ஸ் எண் எனக்கு மனப்பாடம். 2008இல் தமிழ்நாட்டுக்கு வந்த சேவை, தெரியாமல் இருக்குமா? ஆனால் என் வீடு எங்கே இருக்கிறது என்று எனக்கே சொல்லத் தெரியாது என்பது போன ஆடி மாதம்தான் தெரிந்தது.

அம்மாவுக்குச் சர்க்கரை நோய். முந்தின நாள் ஆடி வெள்ளி விரதம். சாப்பாட்டை விட்டவர் மாத்திரையை விடவில்லை. விடியற்காலை நான்கரைக்கு எழுப்பினேன், கண் திறக்கவில்லை. புடவை நனையும் அளவுக்கு வியர்வை. மூச்சு மட்டும் சீராக வந்துகொண்டிருந்தது.

அழைப்பை எடுத்த பெண் முதலில் மாவட்டத்தைக் கேட்டார். பிறகு தாலுகா, ஊர். "கும்பகோணம் பக்கம், அம்மன் கோயில் தெரு" என்றேன். அவர் சென்னையில் உட்கார்ந்திருக்கிறார். மாநிலத்தில் எத்தனை அம்மன் கோயில் தெரு இருக்கும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. "சார், தெரிந்த அடையாளம் ஏதாவது சொல்லுங்கள்." ரேஷன் கடைக்கு எதிரில் என்றேன். வயது, நினைவு இருக்கிறதா, மூச்சு விடுகிறாரா, என்ன நோய் என்று வரிசையாகக் கேட்டார். எரிச்சலாக வந்தது. வண்டியை அனுப்பாமல் என்ன விசாரணை? வண்டி ஏற்பாட்டையும் கூடவே பார்த்துக்கொண்டுதான் கேட்டிருக்கிறார்.

அதற்குள் எதிர்வீட்டு அத்தை சர்க்கரைத் தண்ணீரோடு ஓடி வந்துவிட்டார். சர்க்கரை தாழ்ந்தால் இனிப்புக் கொடுக்க வேண்டும், அத்தை சொன்னது சரிதான். ஆனால் அது விழுங்க முடிகிறவர்களுக்கு. போனில் இருந்தவர் கண்டிப்பாகச் சொன்னார்: "நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்." டம்ளரை வாங்கி வைப்பதற்குள் அத்தைக்கும் எனக்கும் சின்னச் சண்டையே நடந்துவிட்டது.

அடுத்து நான் செய்ததுதான் மடத்தனம். திருப்பூரில் இருக்கும் அண்ணனை அழைத்துப் புலம்பிக்கொண்டிருந்தேன். வண்டி ஓட்டுநர் வழி கேட்க இரண்டு முறை அழைத்திருக்கிறார். என் போன் ஓயவில்லை. ஊரின் மேற்கே காளியம்மன் கோயில், ஆற்றங்கரையில் மாரியம்மன் கோயில். வண்டி காளியம்மனிடம் போய் நின்றது. சைரன் சத்தம் எதிர்த்திசையில் கேட்ட பிறகே எனக்குப் புரிந்தது. அத்தையின் மகன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தான்.

வண்டியின் மருத்துவ உதவியாளர் இறங்கியதும் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்: 38, மிகவும் குறைவு. தலைமையக மருத்துவரிடம் போனில் பேசிவிட்டு நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினார். சில நிமிடங்களில் அம்மா கண் விழித்து, "யார் இவர்கள்?" என்றார். சரியாகிவிட்டதே, இனி எதற்கு மருத்துவமனை என்று அத்தை கேட்டார். எனக்கும் அதே எண்ணம். மாத்திரையால் தாழ்ந்த சர்க்கரை சில மணி நேரத்தில் மறுபடி தாழலாம், கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்றார் உதவியாளர். அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கேயும் மதியம் ஒரு முறை இறங்கத்தான் செய்தது. வண்டிக்கு ஒரு பைசா வாங்கவில்லை.

வீடு திரும்பியதும் அட்டையில் எழுதி வாசல் நிலையருகே ஒட்டினேன்: மாவட்டம், தாலுகா, ஊர், மாரியம்மன் கோயில் தெரு, ரேஷன் கடைக்கு எதிர்வீடு, அம்மாவின் மாத்திரைப் பெயர்கள். கீழே பெரிய எழுத்தில், "போனை யாரிடமும் பேசாமல் வை."

அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "ரேஷன் கடை மாறி ஒரு வருஷம் ஆகிறதே. இப்போது பால் சொசைட்டிக்கு எதிர்வீடு என்று எழுது."