பத்திரிகையில ஒரு வார்த்தை

"ஏன்டா, மாப்ள வீடு இவாஞ்சலிக்கலா? அமெரிக்காவுல ட்ரம்ப்புக்கு ஓட்டு போடுற கோஷ்டியா?"

ஆபீஸ்ல கல்யாணப் பத்திரிகைய வாங்கிப் பாத்துட்டு ஃப்ரெண்டு கேட்டான். தங்க எழுத்துல தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைன்னு இருக்கு, கீழயே இங்கிலீஷ்லயும், அதுல Evangelicalன்ற அந்த ஒத்த வார்த்தைய நகத்தால சுரண்டிக் காட்றான்.

டேய், அது 1706ல தரங்கம்பாடில ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு வந்து எறங்குன கத. ஜெர்மன்காரனுக்கு அந்த வார்த்தைன்னா புராட்டஸ்டண்ட், அவ்ளோதான். மூலம் கிரேக்கம், நற்செய்தின்னு அர்த்தம்.

ஃபண்டமென்டலிஸ்ட்னு, அதான் அடிப்படைவாதின்னு, நெனச்சுக்காத, அது வேற. 1910லேர்ந்து 1915 வரைக்கும் அமெரிக்காவுல ஒரு எண்ணெய்க் கம்பெனி முதலாளி காசுல 12 தொகுதியா புத்தகம் வந்துச்சு, விசுவாசத்துல இதெல்லாம் அடிப்படைன்னு. 1920ல பாப்டிஸ்ட்ன்ற கிறிஸ்தவப் பிரிவுப் பத்திரிகை ஆசிரியர் ஒருத்தர் தன் ஆளுங்களுக்குப் பெருமையா வச்ச பேரு அது. இப்ப யாரையாச்சும் திட்டணும்னாதான் எடுக்குறோம்.

எல்லாத்தையும் கேட்டுட்டு, "சரி, பிரியாணி உண்டுல்ல?"ன்றான்.