10 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் அது படுக்கை அல்ல

அமெரிக்காவில் 2022 நவம்பர் 12 முதல் இரண்டு குழந்தைப் பொருள்களைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது. ஒன்று, ஒரு வயது வரையுள்ள குழந்தை தூங்குவதற்கென்று செய்த, 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த ஸ்லீப்பர். இன்னொன்று, குழந்தைக் கட்டிலான கிரிப்பின் உள்பக்கம் சுற்றிக் கட்டும் பஞ்சு வைத்த பம்பர். அந்த ஆண்டு மே 16 அன்று கையெழுத்தான ‘சேஃப் ஸ்லீப் ஃபார் பேபீஸ்’ சட்டம் கொடுத்த 180 நாள் அவகாசம் அன்றோடு முடிந்தது. கடைகளில் இப்போது இரண்டையும் சட்டப்படி விற்க முடியாது. ஆனால் ஏற்கெனவே விற்றவை கராஜிலும் பேஸ்மென்ட்டிலும் கிடக்கின்றன. ஒரு குழந்தையிடமிருந்து அடுத்த குழந்தைக்குக் கைமாறுகின்றன. தடையின் பலன் எவ்வளவு என்று கேட்டால் அங்கேதான் பார்க்க வேண்டும்.

ராக் அண்ட் ப்ளே ஸ்லீப்பரை எடுத்துக்கொள்வோம். ஃபிஷர் பிரைஸ் 2009இல் கொண்டுவந்தது. சாய்வு சுமார் 30 டிகிரி. பால் கக்கும் குழந்தை, மல்லாக்கப் போட்டாலே அழும் குழந்தை, இரவெல்லாம் கண் விழிக்கும் பெற்றோர் என்று எல்லாருக்கும் வரப்பிரசாதமாகத் தெரிந்தது. 2019 ஏப்ரல் 5 அன்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமும் (CPSC) நிறுவனமும் சேர்ந்து ஓர் எச்சரிக்கை விட்டன: 10 மரணங்கள் பதிவாகியுள்ளன, மூன்று மாதம் ஆனாலோ புரள ஆரம்பித்தாலோ நிறுத்திவிடுங்கள் என்று. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை சில நாள்களிலேயே, மரணங்கள் 32 என்றும் அதைவிடச் சிறிய குழந்தைகளும் அதில் உண்டு என்றும் வெளியிட்டது. ஏப்ரல் 12 அன்று 47 லட்சம் ஸ்லீப்பர்களும் ரீகால் செய்யப்பட்டன, அதாவது விற்றதைத் திரும்பப் பெறுவதாக அறிவிக்கப்பட்டது.

அத்தோடு முடியவில்லை. 2023 ஜனவரியில் அதே ரீகாலை ஆணையம் மறுபடி அறிவிக்க வேண்டி வந்தது. அதற்குள் பதிவான மரணங்கள் சுமார் 100. அவற்றில் குறைந்தது 8, ரீகாலுக்குப் பிறகு நடந்தவை. (சிலவற்றில் சூழ்நிலையையோ, அது தங்கள் பொருள்தானா என்பதையோ உறுதிசெய்ய முடியவில்லை என்கிறது நிறுவனம்.) கிட்ஸ் டூ நிறுவனத்தின் ராக்கிங் ஸ்லீப்பர்களிலும் இதே கதை: 15 மரணங்கள், அதில் 4 ரீகாலுக்குப் பின். விற்பனையை நிறுத்துவது சட்டத்தால் முடிகிற வேலை. வீட்டுக்குள் இருப்பதை வெளியே கொண்டுவர வேறு வழி வேண்டும், அதற்குப் போதுமான முயற்சி எடுக்கவில்லை என்பதே என் குறை. 2019இல் ராக் அண்ட் ப்ளேக்கு முழுப் பணமும் திரும்பக் கிடைத்தது, வாங்கி ஆறு மாதத்துக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும்தான். மற்றவர்களுக்கு வவுச்சர். யாரிடமிருந்தோ இலவசமாக வாங்கியவர் அதற்காகப் படிவம் நிரப்பி அனுப்புவாரா?

10 டிகிரி என்ற எண் எங்கிருந்து வந்தது? ஆணையத்துக்காக ஆர்கன்சா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் எரின் மேனன் குழு 2019இல் செய்த ஆய்விலிருந்து. சாய்ந்த பரப்புகளில் குழந்தைகளைப் படுக்கவைத்துத் தசை எவ்வளவு உழைக்கிறது, கழுத்து எப்படி மடங்குகிறது என்று அளந்தார்கள். 10 டிகிரி வரை பெரிய வித்தியாசம் இல்லை. 20ஐத் தொட்டதும் மாறுகிறது.

தலை நிற்காத குழந்தைக்குத் தலை கனம், கழுத்தில் பலம் இல்லை, மூச்சுக்குழாய் குறுகலாகவும் மிருதுவாகவும் இருக்கும். சமதளத்தில் மல்லாக்கப் படுத்தால் தாடை நெஞ்சை விட்டு விலகியே இருக்கும். சாய்த்துவிட்டால் தலை முன்னால் தொங்கி, தாடை நெஞ்சில் முட்டி, மூச்சு வழி அடைபடுகிறது. குழந்தை திணறி அழாது, சத்தமே இருக்காது. அதனால் பக்கத்திலேயே படுத்திருப்பவருக்கும் தெரியாது. இரண்டாவது ஆபத்து புரள்வது. சாய்ந்த, குழிந்த இடத்தில் உடம்பு ஏற்கெனவே மடங்கியிருப்பதால், தரையில் ஒருமுறைகூடப் புரளாத குழந்தை இங்கே முதல் முறையாகக் குப்புறத்துக்கொள்ளலாம். பிறகு முகத்தைத் தூக்க வயிற்றுத் தசை சமதளத்தைவிட மிக அதிகமாக உழைக்க வேண்டும். சீக்கிரம் களைத்து, மெத்தென்ற துணியில் முகம் பதிந்துவிடும். “இன்னும் புரளவே இல்லையே” என்பது பாதுகாப்பு ஆகாததற்குக் காரணம் இதுதான்.

பம்பர் விஷயம் சுருக்கமானது. கிரிப்புக் கம்பிகளுக்கு நடுவே தலை சிக்கக் கூடாது என்று வந்த பொருள் அது. 1973 முதல் அந்த இடைவெளி 6 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டதால் அதற்கு வேலையே இல்லாமல் போயிற்று. பிராட்லி தாக் என்ற குழந்தை மருத்துவர் 1985 முதல் 2005 வரையிலான பதிவுகளில் பம்பரோடு தொடர்புள்ள 27 மரணங்களைக் கண்டெடுத்து 2007இல் வெளியிட்டார். பம்பரில் முகம் புதைவது, பம்பருக்கும் மெத்தைக்கும் நடுவே சிக்குவது, கட்டும் நாடா கழுத்தில் சுற்றுவது. நாடு முழுவதற்கும் தடை வர அதன்பின் 15 ஆண்டுகள் ஆயின. பஞ்சு இல்லாத வலை பம்பருக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. என்னைக் கேட்டால் அதுவும் வேண்டாம். கிரிப்பில் இறுக்கமான விரிப்பு ஒன்றே போதும்.

இந்தச் சட்டத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அதே ஆண்டு ஜூன் 23 அன்று அமலான ஆணையத்தின் விதி. ஐந்து மாதம் வரையுள்ள குழந்தை தூங்குவதற்கு என்று விற்கிற எதுவும், பெயர் என்னவாக இருந்தாலும், பாசினெட்டுக்கான (கைக்குழந்தைக்கான சிறு படுக்கை) தேர்வில் தேறியாக வேண்டும். பொருளின் பெயரைப் பிடிக்காமல் அதன் வேலையைப் பிடித்தது இந்த விதி. ஆனால் ‘தூங்க’ என்று அட்டைப்பெட்டியில் எழுதாத வரை அது தொடாது. லவுஞ்சர் (குழந்தையைச் சாய்த்து வைக்கும் மெத்தை), ராக்கர், ஸ்விங் எல்லாம் ‘விழித்திருக்கும்போது மட்டும்’ என்ற வரியோடு விற்பனையில் இருக்கின்றன. குழந்தை அதில் தூங்கத்தான் செய்யும். பாப்பி நியூபார்ன் லவுஞ்சர் 8 மரணங்களுக்குப் பிறகு 2021 செப்டம்பரில் ரீகால் ஆனது, 33 லட்சம் எண்ணிக்கை. அதன் பிறகும் இரண்டு குழந்தைகள் இறந்தன. 2024 அக்டோபரில் ஃபிஷர் பிரைஸ் ஸ்னூகா ஸ்விங்குகள், 20 லட்சத்துக்கும் மேல், 5 மரணங்கள். அதற்குச் சொன்ன பரிகாரம்: தலையணைப் பகுதியையும் உள்மெத்தையையும் வெட்டி எடுத்துவிட்டு 25 டாலர் வாங்கிக்கொண்டு, ஸ்விங்கை வைத்துக்கொள்ளலாம். முழுப் பணத்தையும் கொடுத்துப் பொருளையே வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். பாலூட்டும் தலையணைக்கும் குழந்தையைச் சாய்த்து வைக்கும் மெத்தைக்கும் 2024இல் தனித்தனி விதிகள் வந்தது மட்டும் ஆறுதல்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் தூக்கத்தில் நேரும் சிசு மரணங்கள் ஆண்டுக்கு 3,500 அளவில் இருக்கின்றன. பெரும்பாலானவை பெரியவர்கள் படுக்கும் கட்டில், சோபா, தலையணை, கனமான போர்வை சம்பந்தப்பட்டவை. இரண்டு பொருள்களைத் தடை செய்ததால் அந்த மொத்த எண்ணிக்கை சரியும் என்று எதிர்பார்க்க முடியாது. அந்தப் பொருள்களில் போகும் உயிர்கள் நின்றால் அதுவே தடையின் வெற்றி.

இனி வீட்டில் இருப்பதை எப்படிச் சரிபார்ப்பது என்று பார்ப்போம். முதலில் போனில் உள்ள லெவல் ஆப்பைத் தரையில் வைத்துப் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு குழந்தையின் முதுகு படும் இடத்தில் ஒரு கெட்டி அட்டையை வைத்து, அதன்மேல் மூன்று நான்கு கிலோ அரிசிப் பையை வையுங்கள். எடை ஏறினால்தான் துணி எவ்வளவு தொங்கும் என்பது தெரியும். வெறுமனே அளந்தால் தப்பாகக் காட்டும். தலையிலிருந்து கால் பக்கமாகப் போனை வைத்து அளவெடுங்கள். 10ஐத் தாண்டினால் அதில் தூக்கம் கிடையாது. தாண்டாவிட்டாலும், பரப்பு மெத்தென்று அமுங்கினாலோ குழிந்திருந்தாலோ கிடையாது. அடியில் உள்ள லேபிளில் மாடல் எண்ணும் தயாரித்த தேதியும் இருக்கும், அவற்றை ஆணையத்தின் இணையதளத்தில் தேடுங்கள். பழைய கிரிப்பாக இருந்தால் 2011 ஜூன் 28க்குப் பின் தயாரானதா என்று பாருங்கள். பக்கச் சட்டகம் கீழே இறங்கும் கிரிப்புகளின் விற்பனை அன்றோடு நின்றது. கம்பிகளுக்கு நடுவே கோக் கேன் நுழையக் கூடாது. மெத்தைக்கும் கிரிப்பின் சட்டகத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் இடம் இருக்கக் கூடாது.

ரீகால் ஆனது என்றால் யாருக்கும் கொடுக்காதீர்கள். ரீகால் ஆன பொருளைக் கராஜ் சேலில் விற்பதும் சட்டப்படி தப்பு. நிறுவனம் போட்டோவோ பாகமோ கேட்கிறதா என்று முதலில் படித்துவிட்டு, துணியைக் கிழித்து, சட்டகத்தை உடைத்துக் குப்பையில் போடுங்கள். முழுசாகத் தெருவோரம் வைத்தால் யாராவது எடுத்துப்போவார்கள்.

பேறுகாலத்துக்கு ஊரிலிருந்து வரும் அம்மாவோ மாமியாரோ தூளி கட்டலாமே என்று சொல்வது இயல்பு. ஆன்லைனில் ஸ்பிரிங் போட்ட தொட்டில் ஸ்டாண்டும் கிடைக்கிறது. தூளியில் முதுகு வில்லாக வளைந்து, தாடை நெஞ்சோடு சேரும். மேலே சொன்ன அதே இயக்கம்தான். ஆட்டி அழுகையை நிறுத்த, கண் முன்னால் ஐந்து நிமிடம் என்றால் வேறு. இரவுத் தூக்கத்துக்கு வேண்டாம். கார் சீட்டும் அப்படியே: காருக்குள் சரியான சாய்வில் பெல்ட் போட்டிருக்கும் வரை சரி, வீடு சேர்ந்ததும் குழந்தையைத் தூக்கிச் சமதளத்தில் போட்டுவிட வேண்டும்.

எதுக்களிக்கும் குழந்தையை என்ன செய்வது என்பதுதான் எல்லாரும் கேட்பது. கிரிப்பின் தலைமாட்டை உயர்த்துவதால் எதுக்களிப்பு குறைவதில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022 வழிகாட்டுதலில் சொல்கிறது. பால் குடித்ததும் 20, 30 நிமிடம் தோளில் நிமிர்த்திப் பிடித்திருங்கள், பிறகு சமதளத்தில் மல்லாக்கப் போடுங்கள். அந்த நிலையில் மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். கக்கிய பால் மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போவதைவிட, கீழே உணவுக்குழாய்க்குத் திரும்புவதே சுலபம்.