குழாய் முனைக்கு ஏற்ற மூடி: அளவெடுத்தது முதல் அனுப்பிவைத்தது வரை

எங்கள் பணிமனையில் செய்து முடித்த குழாய்களை அனுப்பிவைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, முனைகளைப் பாலித்தீன் தாளால் சுற்றி ஒட்டுநாடா போட்டு அனுப்புவதே வழக்கமாக இருந்தது. பல மாதங்கள் திறந்த வெளியில் கிடந்த ஒரு தொகுதி திரும்பி வந்த பிறகுதான் அது எவ்வளவு போதாது என்பது தெரிந்தது. ஒரு முனையின் தாளைப் பிரித்துக் கைவிளக்கைக் காட்டினேன். ஒரு சாண் ஆழத்தில் குளவி கட்டிய மண்கூடு காய்ந்து இறுகியிருந்தது. அதற்கு அப்பால், தண்ணீர் தேங்கி நின்ற மட்டம் வரை அடிப்பகுதி முழுவதும் துரு படர்ந்திருந்தது. வெல்டிங்குக்காக 37.5 பாகையில் சரிவாகச் சீவியிருந்த விளிம்புகள், வண்டியில் ஒன்றோடொன்று மோதி அங்கங்கே மழுங்கியிருந்தன. அவற்றை மறுபடி சீவிச் சுத்தம் செய்ய ஆன உழைப்பைப் பார்த்த பிறகு, முறையான மூடிகளைத் தேடத் தொடங்கினேன்.

முதல் முறை நான் வாங்கியவை பொருந்தவில்லை. இரண்டு அங்குலக் குழாய் என்பதால் 50.8 மில்லிமீட்டர் மூடிகளைக் கேட்டிருந்தேன். இரண்டு அங்குலம் என்பது குழாயின் பெயரளவுதான், அதன் வெளிவிட்டம் 60.3 மில்லிமீட்டர் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 33.4, அரை அங்குலத்துக்கு 21.3. ஆனால் டியூப் என்று விற்கப்படுவதில் இந்தக் குழப்பம் இல்லை. அங்கே சொல்லப்படும் அளவே பொதுவாக வெளிவிட்டமாக இருக்கும். இரண்டையும் ஒரே பட்டியலில் எழுதி வைத்திருந்ததுதான் என் தவறு. அன்று முதல் பெயரளவை நம்பாமல், வெர்னியர் காலிப்பரால் ஒவ்வொரு முனையையும் இரண்டு திசைகளில் அளந்து, பெயின்ட் பூச்சின் தடிமனையும் சேர்த்தே குறித்துக்கொள்கிறேன். வட்டம் சற்று நசுங்கியிருந்தால் சுற்றளவை நாடாவால் எடுத்து 3.1416 ஆல் வகுத்துப் பார்ப்பது உதவுகிறது.

அடுத்து எழுந்த கேள்வி, வெளியே மாட்டும் மூடியா, உள்ளே செருகும் அடைப்பானா என்பது. ஷெட்யூல் 40, ஷெட்யூல் 80 என்று சுவரின் தடிமன் மாறினாலும் வெளிவிட்டம் மாறுவதில்லை, உள்விட்டம்தான் குறைகிறது. இரண்டு அங்குலக் குழாயில் முன்னதன் சுவர் 3.91 மில்லிமீட்டர், பின்னதன் சுவர் 5.54 மில்லிமீட்டர். ஆகவே அடைப்பான் என்றால் ஒவ்வொரு தடிமனுக்கும் தனித்தனியாக இருப்பு வைக்க வேண்டும். மூடி என்றால் ஒரே அளவு எல்லாவற்றுக்கும் பொருந்தும். அதோடு, சீவிய விளிம்பை மூடிதான் முழுமையாகக் காக்கும். வெளிப்புறத்தில் இடமில்லாத இடங்களுக்கு மட்டும், உள்ளே நழுவி விழாதபடி அகன்ற விளிம்பு உடைய அடைப்பானை வைத்துக்கொண்டேன்.

மரை வெட்டிய முனைகளில்தான் அதிக நாள் செலவானது. அமெரிக்க முறையான என்பிடி மரையும் பிரிட்டிஷ் முறையான பிஎஸ்பி மரையும் அரை அங்குல அளவில் அங்குலத்துக்கு 14 சுற்றுகளே கொண்டவை. ஆனால் முதலாவதன் மரைக்கோணம் 60 பாகை, இரண்டாவதன் கோணம் 55 பாகை. ஒன்றின் பிளாஸ்டிக் மூடி மற்றொன்றில் சில சுற்று ஏறுவதால் சரியானது போலவே தோன்றும். ஒரு அங்குலக் குழாயிலோ என்பிடிக்கு அங்குலத்துக்கு 11.5 சுற்று, பிஎஸ்பிக்கு 11. அழுத்தமேற்றிய எண்ணெய் ஓடும் ஹைட்ராலிக் டியூப்களில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று காத்திருந்தது. மூத்த ஃபிட்டர் ஒருவர், திருகி எடுத்த மூடியை என்னிடம் நீட்டி, "தம்பி, மரைக்குள்ளே விரலை விட்டுப் பாருங்க" என்றார். விரல் நுனியில் நகத்துணுக்கைப் போன்ற பிளாஸ்டிக் இழை ஒன்று ஒட்டி வந்தது. கூர்மையான மரை, மென்மையான பாலித்தீனைச் சீவிவிட்டிருந்தது. சில மைக்ரான் இடைவெளியில் இயங்கும் வால்வுக்குள் அது போனால் என்ன ஆகும் என்பதை அவர் விளக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அந்த டியூப்கள் எல்லாவற்றுக்கும், மரையைத் தொடாமல் வெளியே வழுக்கி ஏறும் மூடிகளுக்கு மாறினோம். அளவெடுக்கும்போது மரை முகடுகளின் வெளிவிட்டத்தை எடுத்தால் போதுமானது.

எந்தப் பொருளில் செய்த மூடி என்பது, குழாய் எங்கெல்லாம் போகப்போகிறது என்பதைப் பொறுத்தது. பெரும்பாலான வேலைகளுக்குக் குறைந்த அடர்த்திப் பாலித்தீன் நன்றாக உதவுகிறது. மூடியின் வாய் சற்று விரிந்து கொடுத்து விளிம்பை இறுகப் பற்றிக்கொள்கிறது. வெயிலில் நெடுநாள் கிடக்க வேண்டியவற்றுக்குக் கார்பன் கலந்த கருநிற மூடிகளை எடுத்தேன். புற ஊதாக் கதிரில் அவை எளிதில் நொறுங்குவதில்லை. பவுடர் பூச்சுக்காக 180 முதல் 200 பாகை செல்சியஸ் சூளைக்குள் போகும் முனைகளில் பாலித்தீன் உருகிவிடும் என்பதால் சிலிக்கோன் மூடிகளே தாங்கின. அவற்றைக் கழற்றித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களுக்குப் பிவிசி வேண்டாம் என்று முடிவெடுத்தேன். பிவிசியில் குளோரின் இருக்கிறது. அதிலிருந்து குளோரைடு வெளிப்பட்டால் அந்த எஃகில் குழிகுழியாக அரிப்பு ஏற்படும், இழுவிசையில் இருக்கும் இடத்தில் வெடிப்பும் தோன்றலாம்.

மாதிரிகள் வந்ததும் ஒவ்வொன்றையும் குழாயில் மாட்டி, ஒரு பகல் முழுவதும் வெயிலில் வைத்தேன். இரு முனைகளையும் இறுக அடைத்திருந்த குழாயில் உள்ளிருந்த காற்று விரிந்து ஒரு மூடியைத் தள்ளிவிட்டிருந்தது. அதே காற்று இரவில் குளிரும்போது உள்சுவரில் ஈரம் படியவும் இடம் கொடுக்கும். எனவே குழாய்களை நன்றாக உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் வைத்து மூடுவதை வழக்கமாக்கினோம். சாதாரணக் கட்டுமானக் குழாய்களுக்கு மட்டும் ஊசித்துளை உள்ள மூடிகளைப் பயன்படுத்தினோம். கையுறை அணிந்த கையால் கழற்ற முடிகிறதா என்பதையும் பார்த்தேன். இழுப்பதற்குக் காது இல்லாதவற்றைக் கத்தியால் நெம்ப நேர்ந்தது, அவற்றை ஒதுக்கிவிட்டேன்.

நிழலில் இருக்கும் டியூப்களுக்குச் சிவப்பு அல்லது மஞ்சள் நிறத்தையே கேட்டு வாங்குகிறேன். நிறமற்ற அடைப்பான் இணைப்பின் ஆழத்தில் கண்ணுக்குத் தெரியாமல் தங்கிவிட்டால், வழி அடைபடுவது இயந்திரத்தை இயக்கிய பிறகே தெரியவரும். எத்தனை மூடிகள் மாட்டப்பட்டன என்ற எண்ணை இப்போது ஒவ்வொரு கட்டின் சீட்டிலும் எழுதி அனுப்புகிறோம். பொருத்துபவர்கள் கழற்றிய மூடிகளை ஒரு தட்டில் சேர்த்து, அந்த எண்ணோடு ஒப்பிட்ட பிறகே குழாயைப் பூட்டுகிறார்கள்.